பிளஸ் ஒன் உயிரியலுக்கு டியூஷன் தேடுகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “டீச்சர், பையன் பயோ-மேத்ஸ் எடுத்திருக்கான். பயாலஜிக்கு நல்ல டியூஷனா ஒண்ணு சொல்லுங்களேன்.” விலங்கியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைப்பது சுலபம். ஆனால் அடுத்த தெருப் பிள்ளைக்கு ஒத்துவந்த வாத்தியார் உங்கள் பிள்ளைக்கும் ஒத்துவருவார் என்று எப்படிச் சொல்வது? அதனால் பெயர் கேட்கிறவர்களிடம் பெயருக்குப் பதிலாக நான் சொல்லிவருவதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். வீட்டில் முதல் தடவையாகப் பிளஸ் ஒன் பிள்ளையை வைத்துக்கொண்டு முழிக்கிற அம்மா அப்பாக்களுக்கு இது. பதினோராவது மட்டும் பிள்ளைக்கு.

1. டியூஷன் வேண்டுமா என்பதை விடைத்தாள் சொல்லட்டும்.

ஜூன் மாதமே சேர்த்துவிட வேண்டும் என்று பறக்காதீர்கள். காலாண்டுத் தேர்வு வரைக்கும் பொறுங்கள். விடைத்தாள் வந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு உங்களுக்கு உயிரியல் தெரிய வேண்டியதில்லை. எழுதாமல் விட்டது எத்தனை, எழுதியும் மதிப்பெண் வராதது எத்தனை என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

விட்டதுதான் அதிகம் என்றால் பிள்ளை படிக்கவில்லை. அதை டியூஷன் சரிசெய்யாது. பள்ளியில் தூங்கும் பிள்ளை அங்கேயும் போய்த் தூங்கும். எழுதியும் மதிப்பெண் வரவில்லை என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே கேள்விக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வருகிறது, எழுதத்தான் வரவில்லை என்றால், எழுதியதைத் திருத்தித் தருகிற ஆள் வேண்டும். புத்தகம் கண்ணெதிரே இருந்தும் சொல்ல வரவில்லை என்றால்தான் பாடம் சொல்லித்தருகிற ஆள் வேண்டும். இந்த இருவரும் ஒரே ஆளாக அமைவது உண்டு. அமையாமல் போவதும் உண்டு.

வருஷம் முழுக்க எல்லாப் பாடத்துக்கும் ஆள் வேண்டிய பிள்ளைகள் நான் பார்த்தவரை குறைவு. உயிரியலில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். பிளஸ் ஒன்னில் செல் பிரிதல், ஒளிச்சேர்க்கை, சுவாசித்தலில் கிரப்ஸ் சுழற்சி, நெஃப்ரானில் சிறுநீர் அடர்த்தியாகும் விதம், நரம்பில் தூண்டல் கடந்துபோகும் விதம். பிளஸ் டூவில் மரபியல், மூலக்கூறு மரபியல், உயிரித் தொழில்நுட்பம். விலங்குத் தொகுதிகளையும் பொருளாதாரத் தாவரங்களையும் நெட்டுருப் போட வாத்தியார் எதற்கு? இந்தச் சில பாடங்களுக்கு மட்டும் சொல்லித்தருவீர்களா என்று கேட்டுப்பாருங்கள். தனியாகச் சொல்லித்தருகிறவர்களில் பலர் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் பணமும் மிஞ்சும், பிள்ளையின் மாலையும் மிஞ்சும்.

2. எந்தப் பரீட்சைக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

பொதுத்தேர்வும் நீட்டும் ஒரே பாடத்தைத்தான் கேட்கின்றன. ஆனால் பிள்ளையிடம் கேட்கிற வேலை வேறு. நம் மாநிலப் பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. அந்த 35-ல் ஒரு மதிப்பெண் கேள்விகள் எட்டுத்தான். மிச்சம் 27-ம் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்குக் கையால் எழுதி, படம் போட்டு, பாகம் குறித்து வாங்க வேண்டியவை. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 தனி.

நீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. 180 கேள்வியில் 90 உயிரியல், 720-ல் 360. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். மூன்று மணி நேரத்தில் 180 என்றால் கேள்விக்கு ஒரு நிமிஷம். இயற்பியல் கணக்குகள் நேரத்தைத் தின்னும் என்பதால் உயிரியலை அதற்கும் குறைந்த நேரத்தில் முடித்தாக வேண்டும். இரண்டு பேர் சம மதிப்பெண் எடுத்தால் முதலில் பார்ப்பது உயிரியல் மதிப்பெண்ணைத்தான்.

புத்தகமும் அப்படியே பொருந்தாது. நீட்டுக்குப் படிக்கிற புத்தகம் என்.சி.இ.ஆர்.டி.யுடையது. 2022-ல் அது தன் உயிரியல் புத்தகங்களைச் சுருக்கியது. பதினொன்றாம் வகுப்பில் 22 பாடம் 19 ஆனது, பன்னிரண்டில் 16 பாடம் 13 ஆனது. அப்படிப் போனதில் ஒன்று உயிரிகளின் இனப்பெருக்கம். நம் மாநிலப் புத்தகத்தில் விலங்கியலின் முதல் பாடமே அதுதான். நீட்டை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லித்தருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். பொதுத்தேர்வில் கேள்வி வந்தால் பிள்ளை விழிக்கும். ஆகவே “எந்தப் புத்தகத்தை வைத்து எடுக்கிறீங்க?” என்று கேளுங்கள். “ரெண்டும் எடுக்கிறோம்” என்றால், இரண்டுக்கும் போன வருஷம் வைத்த தேர்வுத்தாளை ஒவ்வொன்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் ஒன்றைத்தான் எடுக்கிறார்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. நீட் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் நடுவே குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் எழுதவைக்காத ஆளிடம் நீட்டுக்கென்று அனுப்பாதீர்கள்.

2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் தலைச்சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுகிற பழைய வழக்கத்துக்கு இப்போது கேட்பாரில்லை. ஜூலையிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கும் டியூஷன்காரரிடம், செல் பிரிதல் தெரியாத பிள்ளைக்கு மெண்டலை எப்படிப் புரியவைப்பீர்கள் என்று கேளுங்கள். மெண்டல் சொன்ன காரணிகள் தனித்தனியே பிரிவது குன்றல் பிரிதலில்தான். அதை விட்டுவிட்டு 9:3:3:1 என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்தவள் நான்.

3. தாவரவியல்காரரா, விலங்கியல்காரரா?

பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி இது. உயிரியல் என்று ஒரே பாடமாகப் பெயர் இருந்தாலும், முதுகலை படித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் படித்திருப்பார்கள். அதனால்தான் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். டியூஷனில் ஒருவரே இரண்டையும் எடுப்பார். விலங்கியல் படித்தவர் தாவர உள்ளமைப்பியலை இரண்டு வகுப்பில் ஓட்டிவிடுவார்; தாவரவியல் படித்தவர் நாளமில்லாச் சுரப்பிகளுக்கு நோட்ஸ் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நானும் விலங்கியல்காரிதான், என் ஜாதியின் குணம் தெரிந்தே சொல்கிறேன்.

அவர் படித்தது எது என்று கேட்டுவிட்டு, மற்றதில் ஒரு டெமோ வகுப்பு கேளுங்கள். விலங்கியல்காரரிடம் இரட்டைக் கருவுறுதலை நடத்தச் சொல்லுங்கள். “அதுக்கு வேற ஒருத்தரைப் பாத்துக்கங்க, நான் விலங்கியல் மட்டும் எடுக்கிறேன்” என்று சொன்னால், அந்த ஆளை விடாதீர்கள்.

4. விசாரிக்க வேண்டிய இடங்கள்.

முதலில் பிள்ளையின் பள்ளி ஆசிரியர். அவரிடம் டியூஷன் கேட்கப் போகாதீர்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் பணம் வாங்கித் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்பது விதி. பிள்ளைக்கு எது வரவில்லை என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் அவர் சொல்வது எந்த டெஸ்ட் சீரிஸும் சொல்லாதது.

அடுத்து, பக்கத்தில் கலை அறிவியல் கல்லூரி இருந்தால் அதன் தாவரவியல், விலங்கியல் துறைகள். எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகளும் ஆராய்ச்சி மாணவர்களும் அங்கே இருக்கிறார்கள். பிறகு, போன வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். அவர்களின் அம்மாவிடம் கேட்காதீர்கள், பிள்ளையிடம் கேளுங்கள். அம்மா மதிப்பெண்ணைச் சொல்வார்; வகுப்பில் என்ன நடந்தது என்று பிள்ளைதான் சொல்லும்.

பள்ளிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையையும் விட்டுவிடாதீர்கள். எந்த டியூஷனிலிருந்து வாராவாரம் புதிதாகக் கேள்வித்தாள் பிரதி எடுக்க வருகிறது, எங்கிருந்து வருஷா வருஷம் அதே மஞ்சளித்த நோட்ஸ் வருகிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். நான் பரிந்துரைத்த சிலரை முதலில் எனக்குச் சொன்னது அப்படி ஒரு கடைக்காரர்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளையானால் செலவுக்கு முன்பு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அரசு நீட் பயிற்சி எங்கே, எப்போது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. டியூஷன்காரர் வற்புறுத்துகிறார் என்று அந்தப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள்.

5. பட்டத்தைவிட, இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு, அதாவது டி.ஆர்.பி.க்குப் படித்துக்கொண்டிருக்கும் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். தாங்களே படிக்கிற பாடம் என்பதால் கேள்வி கேட்டால் எரிச்சல் வராது. கட்டணமும் நியாயமாக இருக்கும். என் முதல் தேர்வு எப்போதும் இவர்கள். வேலை கிடைத்தால் நடுவில் போய்விடுவார்கள், அந்த ஒன்றுக்குத் தயாராக இருங்கள்.

மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் போனால் நீட் நுணுக்கம் கிடைக்கும். பொதுத்தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதும் விதம் அவர்களுக்கு மறந்திருக்கும். அவர்களுடைய தேர்வு வந்துவிட்டால் ஒரு மாதம் ஆளையே பார்க்க முடியாது. ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களிடம் பொறுமை இருக்கும். புதுப் புத்தகம் பிளஸ் ஒன்னுக்கு 2018-லும் பிளஸ் டூவுக்கு 2019-லும் வந்தது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறாரா என்று நாசூக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. டெமோ வகுப்பில் பாடத்தைக் கவனிக்காதீர்கள். தவறான பதிலுக்கு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டெமோ வகுப்புக்கென்று எல்லாரும் ஒரு நல்ல பாடத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். இதயம் என்றால் நான்கு அறைகளையும் வண்ணச் சாக்பீஸில் வரைந்து அசத்திவிடுவார்கள். அதைப் பார்த்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. பிள்ளையிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள்.

முதல் கேள்வி: அப்பாவுக்கு ஏ ரத்த வகை, அம்மாவுக்கு பி. பிள்ளைக்கு ஓ வருமா?

“வரும், எழுதிக்கோ” என்று அட்டவணையைச் சொல்லிக்கொண்டே போகிறவர் உண்டு. விடை சரிதான், ஆனால் பிள்ளை அங்கே எழுத்தர் வேலைதான் பார்க்கிறது. நல்லவர் முதலில் “நீ என்ன நெனைக்கிற?” என்று திருப்பிக் கேட்பார். வராது என்று பிள்ளை சொன்னால் சிரிக்காமல், ஏன் வராது என்று கேட்பார். தாத்தா பாட்டியில் யாருக்காவது ஓ இருந்தால் என்று ஒரு துப்பு கொடுப்பார். கட்டம் போடும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுவார். இருவரும் ஓ-வுக்கான அல்லீலை ஒளித்து வைத்திருந்தால் நான்கில் ஒன்று ஓ என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அங்கே நிறுத்தாமல், “அப்ப அவங்களுக்கு நாலு பிள்ளை பொறந்தா ஒண்ணு கட்டாயம் ஓ-வா?” என்று அடுத்ததைக் கேட்பவர் கிடைத்தால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். கட்டாயம் இல்லை, ஒவ்வொரு பிறப்புக்கும் அதே நான்கில் ஒரு வாய்ப்பு. நான்குமே ஓ ஆகலாம், ஒன்றுகூட ஆகாமலும் போகலாம். மரபியல் கணக்குகளில் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடும் இடம் இதுதான். பாடத்தின் மேல் ஆசை உள்ளவராக இருந்தால் 1952-ல் கண்டறிந்த பம்பாய் ரத்த வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். சோதனையில் ஓ போலவே தெரியும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஏற்ற முடியாது. அப்படிக் கொஞ்சம் வழி விலகிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது கேள்வி: ஆறு விரல் ஓங்கு பண்பு என்கிறார்கள். அப்படியானால் ஊரில் பெரும்பாலோருக்கு ஐந்து விரல்தானே இருக்கிறது, ஏன்?

இதில் தடுமாறுவது வெட்கப்பட வேண்டியதில்லை. குட்டை விரல்களைப் பற்றி இதே மாதிரிக் கேள்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எழுந்தது. மரபியலாளர் பன்னெட்டுக்கு அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வரவில்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணிதவியலாளரிடம் கொண்டுபோனார். 1908-ல் விடை எழுதிய அந்தக் கணிதவியலாளர் ஹார்டி, பின்னால் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். பிளஸ் டூ பரிணாமப் பாடத்தில் வரும் ஹார்டி-வீன்பெர்க் விதி பிறந்தது இப்படி. இரண்டு அல்லீலும் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரியும் என்பதுதான் ஓங்கு தன்மை. ஊரில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்பது தனிச் சங்கதி. இந்தப் பதிலை டியூஷன்காரர் உடனே சொல்ல வேண்டும் என்றில்லை. “நல்ல கேள்வி, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லி, மறுநாள் நினைவாகச் சொன்னால் அவரே போதும். “இதெல்லாம் பரீட்சைக்கு வராது” என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

7. ஒரு மாதம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள்.

அச்சடித்த நோட்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், அது கடையிலும் கிடைக்கும். பிள்ளையின் கையெழுத்து எத்தனை பக்கம், அதன்மேல் சிவப்பு மை எத்தனை இடத்தில் என்று பாருங்கள். சூலின் நீள்வெட்டுத் தோற்றத்தை, நெஃப்ரானை, லாக் ஓபரானைப் பிள்ளை புத்தகத்தைப் பார்க்காமல் வரைந்து, யாரோ பாகங்களின் கோட்டைத் திருத்தியிருக்க வேண்டும். கோடு காற்றில் நின்றால் பொதுத்தேர்வில் அந்தப் பாகத்துக்கு மதிப்பெண் போகும். “தப்பு” என்று மட்டும் எழுதியிருக்கிறதா, ஏன் தப்பு என்று நான்கு வார்த்தை எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐம்பது பிள்ளைகள் உட்காரும் கூடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. அதனால் பெரிய சென்டரே கூடாது என்று சொல்லவில்லை. நீட் பயிற்சித் தேர்வுகளுக்கு அது உதவும். எழுதிப் பழக, பத்துப் பேருக்குள் இருக்கும் இடம்தான் சரி.

8. இனப்பெருக்கப் பாடங்களைத் தாண்டிப் போகிறவர் வேண்டாம்.

மனித இனப்பெருக்கம், இனப்பெருக்க நலன் என்று பிளஸ் டூவில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. “வீட்ல படிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற ஆசிரியர்கள் பள்ளியிலும் உண்டு, டியூஷனிலும் உண்டு. இரண்டு தேர்விலும் கேட்கிற பாடம் இது. அதைவிட, மாதவிடாய்ச் சுழற்சியையும் கருத்தடை முறைகளையும் பால்வினை நோய்களையும் ஒரு பெரியவர் நிமிர்ந்து நின்று சொல்லிக் கேட்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கிறது? ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில் கூச்சமும் கேலியும் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தத் தெரிந்தவர் நல்ல ஆசிரியர். சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். முகம் சிவந்தால் தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தைச் சாக்காக வைத்து வேறு பேச்சுப் பேசுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். தனி வகுப்பு என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் தனியாகச் செய்தி அனுப்புவது கூடாது. சந்தேகம் கேட்க நீங்களும் இருக்கும் ஒரு குழு போதும். பிள்ளை திடீரென்று “அங்க போக மாட்டேன்” என்றால், கட்டிய பணத்தை நினைத்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், சொல்லும்வரை பொறுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பணம் இல்லாமல் அழைக்கலாம். மகன்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

9. பேனரில் சிரிக்கும் முகங்களும் உங்கள் பணமும்.

பேனரில் இருக்கும் பிள்ளை அந்த சென்டரில் இரண்டு வருஷம் படித்ததா, கடைசி மாதம் வந்து மாதிரித் தேர்வு மட்டும் எழுதியதா என்று பேனர் சொல்லாது. தேர்வானவர்களின் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் போட, தேர்வான பிறகு அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், எந்தப் பயிற்சியில் சேர்ந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. நீங்கள் போய் நிற்கும்போது கேட்க வேண்டியது, உங்கள் பிள்ளையைப் போல நடுத்தர மதிப்பெண்ணோடு வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை. முதலிடம் வாங்குகிற பிள்ளை எங்கே படித்தாலும் வாங்கும்.

பணத்தை மாதாமாதம் கொடுங்கள். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள்; பிடிக்கவில்லை என்றால் நகர முடியாதபடி கட்டிப்போடுவதற்குத்தான் அந்தத் தள்ளுபடி. பெரிய மையங்களுக்கென்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில், முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால் மிச்சக் காலத்துக்கான தொகையைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும், பட்டம் பெறாதவரைப் பயிற்றுநராக வைக்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியாத பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அவற்றுக்குப் பல் முளைக்கும். ஆனாலும் பணம் கட்டும் மேஜையில் சொல்லிப்பாருங்கள், பேச்சு மாறும். ரசீது வாங்காமல் எங்கேயும் எழுந்து வராதீர்கள்.

10. ஆன்லைன்.

ஆள் நேரலையில் இருந்து, பிள்ளை நோட்டில் வரைவதைக் கேமராவில் பார்த்துத் திருத்தினால், அது டியூஷன். பதிவுசெய்த வீடியோ என்றால் அது புத்தகத்தின் இன்னொரு வடிவம். அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. மாநிலப் புத்தகமும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

11. இது பிள்ளைக்கு.

கண்ணு, டியூஷனுக்குப் போவதற்கு முன்னால் அன்றைய பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டு, புரியாத மூன்று இடத்தைப் பென்சிலில் குறித்துக்கொண்டு போ. வெறும் கையோடு போனால் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார்; உனக்குத் தெரியாதது அப்படியே இருக்கும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் தலையாட்டாதே. இப்படித்தானே என்று உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லு. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், சிரிக்கட்டும், அவனுக்கும் முக்கால்வாசி தெரியாது.

தப்பான விடைகளுக்கென்று ஒரு நோட்டு தனியாகப் போடு. கேள்வி, நீ எழுதியது, சரியானது, ஏன் தப்பாயிற்று என்று ஒரு வரி. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போகிறது என்பதை வருஷா வருஷம் பிள்ளைகள் தப்பாகவே எழுதுகிறார்கள், தமனி என்றாலே சுத்த ரத்தம் என்று எட்டாம் வகுப்பில் மனத்தில் பதிந்துவிட்டதால். செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும்தான் சுவாசிக்கும் என்பதும் அந்த ரகம்தான். இப்படி உனக்குள் என்னென்ன பதிந்திருக்கிறது என்று உனக்கே தெரியாது. அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும். டியூஷன் மாறினாலும் அதைக் கையோடு கொண்டுபோ.

அப்புறம், சொல்லித்தருகிறவரை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் காரணத்தோடு சொல்லு. “போர் அடிக்குது” என்பது காரணம் ஆகாது. “கேள்வி கேட்டா திட்டுறார்” என்பது காரணம்.

12. மாற்றுவதும் நிறுத்துவதும்.

இரண்டு மாதத்தில் நோட்டில் சிவப்பு மை இல்லை, பிள்ளையிடம் புதிதாக ஒரு கேள்வி இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். மரியாதையாகச் சொல்லி, நின்ற மாதத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். சின்ன ஊரில் நாளைக்கும் எதிரே பார்க்க வேண்டியவர்கள். தேவைப்பட்ட பாடங்கள் முடிந்துவிட்டால் நல்ல டியூஷனையும் நிறுத்தலாம். பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்படும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். “இப்ப நிறுத்தினா மார்க் போயிடும்” என்று பயமுறுத்துகிறவர்களையும் தெரியும்.

பிப்ரவரி வந்தால் செய்முறைத் தேர்வு. அதற்குப் பள்ளி ஆய்வகம்தான் இடம். ரெக்கார்டு நோட்டை டியூஷனில் யாரோ எழுதித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஸ்லைடைப் பார்த்து அடையாளம் சொல்லவேண்டிய கண் பிள்ளையுடையது.

மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும், மே மாத நீட்டுக்கு முன்னால் கிராஷ் கோர்ஸ் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இரண்டு வருஷப் பாடத்தை முப்பது நாளில் யாரும் கற்றுத்தர முடியாது, நடத்துகிறவர்களுக்கும் அது தெரியும். அந்த மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றால், இதுவரை பிள்ளையின் தாளைத் திருத்தியவரிடமே கேளுங்கள். பழைய வினாத்தாள்களை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதட்டும். தப்பான விடை நோட்டை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் அவரிடம் போய்வந்தால் போதும். கட்டணத்தை வகுப்புக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.